தண்ணீரில் கலந்த மருந்து எத்தனை நாளில் அழியும்?

நெற்பயிரில் பூச்சி கண்டதும் மருந்து தெளிக்கப்படுகிறது. அன்றிரவே கனமழை பெய்கிறது. வயல் நீர் வரப்பை மீறி வாய்க்காலில் விழுகிறது. வாய்க்கால் நீர் ஊர்க் குளத்தில் சேருகிறது. மூன்றாம் நாள் காலையில் அந்தக் குளத்து நீரை மாட்டுக்குக் காட்டலாமா, குளத்தில் விட்ட மீன் குஞ்சுகள் தப்புமா, குளத்தங்கரைக் கிணற்றில் குடத்தை இறக்கலாமா என்ற கேள்விகள் எழுகின்றன. "மருந்து நெடியே இல்லை, வேகம் போயிருக்கும்" என்பார் ஒருவர். "எந்த மருந்தும் ஒரு மழைக்குத் தாங்காது" என்பார் இன்னொருவர். "அந்த விஷம் ஆறு மாதமானாலும் போகாது" என்பார் மூன்றாமவர். மூவருமே மருந்தின் பெயரைக் கேட்கவில்லை. மூவர் சொல்வதும் ஏதாவது ஒரு மருந்துக்குப் பொருந்தலாம். எல்லா மருந்துக்கும் பொருந்தாது.

ஓர் இரசாயனப் பொருள் தண்ணீரில் எவ்வளவு எளிதாகச் சிதைந்து அழியும் என்பதை நெடியைக் கொண்டோ நிறத்தைக் கொண்டோ சொல்ல முடியாது. அதை அளந்துதான் சொல்ல வேண்டும். அவ்வாறு அளப்பதற்குப் பல நாடுகளும் ஒப்புக்கொண்ட சோதனை முறைகள் இருக்கின்றன. அவற்றின் அடிப்படை கடினமானதல்ல. அதைத் தெரிந்துகொண்டால் மருந்து தெளித்த வயலின் நீரை எத்தனை நாள் கட்டி வைப்பது, தெளிப்பானை எங்கே கழுவுவது, எந்தப் பேச்சை நம்புவது என்பவற்றை உழவர்கள் தாமே முடிவு செய்ய இயலும்.

மறைவது வேறு, அழிவது வேறு

தண்ணீரில் விழுந்த மருந்து கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. சில மருந்துகள் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகின்றன. சில மருந்துகள் வண்டலிலும் களிமண்ணிலும் ஒட்டிக்கொள்கின்றன. சைப்பர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் இவ்வகையைச் சேர்ந்தவை. மழை நீர் சேர்ந்து மருந்து நீர்த்துப் போவதும் உண்டு. இவை எல்லாம் மறைவுகள்தாம். பொருள் அழியவில்லை, இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

உண்மையான அழிவு மூன்று வழிகளில் நடைபெறுகிறது. முதலாவது, வெயில். சூரிய ஒளி பட்டுச் சில பொருள்களின் மூலக்கூறுகள் உடைகின்றன. வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் வெயிலில் விரைவாகச் சிதைவதால்தான் வேப்பங்கொட்டைக் கரைசலை மாலையில் தெளிக்கும்படி பரிந்துரைக்கிறார்கள்.

இரண்டாவது, நீரே மருந்தை உடைப்பது. இதற்கு நீரின் கார அமில நிலை முக்கியம். மாலத்தியான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கார அமில நிலை 9 உள்ள நீரில் மாலத்தியான் ஏறக்குறைய அரை நாளில் பாதியாகக் குறைகிறது. 7 உள்ள நீரில் அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. 5 உள்ள புளிப்பான நீரில் மூன்று மாதத்திற்கு மேல் ஆகிறது. மருந்து ஒன்றுதான், நீர் மாறினால் கணக்கும் மாறுகிறது. உவர்க் கிணற்று நீரில் இம்மருந்தைக் கலந்து நெடுநேரம் வைத்திருந்து தெளித்தால் பலன் குறைவதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது வழி நுண்ணுயிர்களால் நடைபெறும் சிதைவு. பல பொருள்களை முற்றிலுமாக அழித்து முடிப்பது இந்த வழியே. முதல் இரண்டு வழிகளிலும் பெரும்பாலும் மூலக்கூறு இரண்டு மூன்று துண்டுகளாக உடையும். துண்டுகள் நீரில் தங்கும். நுண்ணுயிர்களோ அத்துண்டுகளையும் உண்டு, கரியமில வாயுவாகவும் நீராகவும் உப்புகளாகவும் மாற்ற வல்லவை.

எருக்குழியும் சாண எரிவாயுக் கலனும்

நுண்ணுயிர்ச் சிதைவு உழவர்களுக்குப் புதியதல்ல. எருக்குழியில் போட்ட சாணமும் சருகும் சில மாதங்களில் மக்கி நிறம் மாறி எடை குறைகின்றன. குறைந்த எடையின் பெரும் பகுதி கரியமில வாயுவாகக் காற்றில் போய்விட்டது. ஒரு பகுதி நுண்ணுயிர்களின் உடலாக மாறிவிட்டது. குழியில் காற்றோட்டம் இருந்தால் இவ்வேலை வேகமாக நடைபெறும். காற்றுப் புகாத சாண எரிவாயுக் கலனில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்து, எரியும் வாயுவைத் தருகின்றன. இரண்டும் சிதைவுதான், ஆனால் வேலை செய்யும் உயிர்களும் வேறு, கிடைக்கும் பொருளும் வேறு.

எருக்குழியிலேயே இன்னொன்றையும் காணலாம். கீரைத் தண்டு விரைவில் மக்குகிறது. தேங்காய் நார் மக்க நெடுநாள் பிடிக்கிறது. பாலிதீன் பை அப்படியே கிடக்கிறது. நுண்ணுயிர்கள் பழகிய உணவை உடனே உண்கின்றன. கடினமானதை மெல்ல உண்கின்றன. பழகாத அமைப்புடைய பொருளைத் தொடுவதில்லை. இரசாயன மருந்துகளும் இப்படித்தான் பிரிகின்றன. ஒரு பொருள் கீரைத் தண்டு வகையா, தேங்காய் நார் வகையா, பாலிதீன் வகையா என்று கண்டறிவதே சோதனையின் நோக்கம்.

பால் சோதனையில் உள்ள பாடம்

நுண்ணுயிர்களைக் கண்ணால் பார்த்து எண்ணுவது அரிது. ஆனால் அவை உண்ணும்போது பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. கரியமில வாயுவை வெளியிடுகின்றன. இந்த வரவு செலவை அளந்தால் அவை எவ்வளவு உண்டன என்று கணக்கிட்டுவிடலாம்.

பால் குளிரூட்டும் நிலையங்களில் பாலின் தரம் அறிய மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் சில துளிகள் சேர்த்து வெந்நீர்த் தொட்டியில் வைப்பார்கள். பாலில் பாக்டீரியாக்கள் மிகுதியாக இருந்தால் பிராணவாயு விரைவில் தீர்ந்து, நீல நிறம் சீக்கிரம் மறையும். நல்ல பாலில் நிறம் பல மணி நேரம் நிற்கும். இங்கே நிறம் மறைவதற்கு ஆகும் நேரமே பாக்டீரியாக்களின் வேலையைக் காட்டுகிறது.

கழிவு நீரைச் சோதிப்பதும் ஏறக்குறைய இதே தத்துவந்தான். நீரை மூடிய குப்பியில் வைத்து, நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவை உறிஞ்சின என்று அளப்பார்கள். பல நாடுகளில் இச்சோதனை 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 5 நாட்கள் நடத்தப்படுகிறது. நம் நாட்டு வெப்பத்திற்கு ஏற்ப 27 டிகிரியில் 3 நாட்கள் நடத்தும் முறை இந்தியத் தர நிர்ணயத்தில் உள்ளது. இதில் வரும் எண் பெரிதாக இருந்தால் அந்த நீரில் அழுகக்கூடிய பொருள் மிகுதி என்று பொருள். அத்தகைய கழிவு குளத்தில் கலந்தால் மீன்களுக்குரிய பிராணவாயுவை நுண்ணுயிர்களே தீர்த்துவிடும். குளத்தில் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவதற்குப் பல வேளைகளில் இப்பற்றாக்குறையே காரணம்.

குப்பிச் சோதனை நடைபெறும் விதம்

ஒரு தனிப் பொருள் எளிதில் சிதையுமா என்று அறிய இதே குப்பி முறையைச் சற்று மாற்றிக்கொள்கிறார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு என்ற பன்னாட்டு அமைப்பு 1981-இல் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. 1992-இல் அவற்றைத் திருத்தி அமைத்தது. இம்முறைகளில் சோதனைக் காலம் 28 நாட்கள். வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும். வெயில் பட்டுச் சிதைந்ததை நுண்ணுயிர்க் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காகக் குப்பிகள் இருட்டிலோ மங்கிய ஒளியிலோ வைக்கப்படுகின்றன.

குப்பியில் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய தாது உப்புகள் கலந்த தூய நீர் ஊற்றப்படுகிறது. கழிவு நீர் சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்கள் சிறிதளவு விடப்படுகின்றன. இவை சோதிக்கப்படும் பொருளோடு முன்பே பழகியவையாக இருக்கக் கூடாது. பிறகு அந்தப் பொருள் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுகிறது. குப்பியில் வேறு உணவு கிடையாது. நுண்ணுயிர்கள் அந்தப் பொருளை உண்டால்தான் பெருக முடியும்.

கணக்குப் போடும் விதத்தைச் சீனியைக் கொண்டு விளக்கலாம். 1 மில்லிகிராம் சீனி முழுதும் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுவதற்கு 1.12 மில்லிகிராம் பிராணவாயு தேவை. இது இரசாயனச் சமன்பாட்டிலிருந்து கிடைக்கும் எண். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிகிராம் சீனி இட்டால், அது முழுதும் சிதைய 5.6 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். குப்பியில் 4.2 மில்லிகிராம் செலவாகியிருந்தால், 4.2-ஐ 5.6-ஆல் வகுக்கக் கிடைப்பது 0.75, அதாவது 75 சதவீதம் சிதைந்திருக்கிறது. மருந்துகளுக்கும் இதே கணக்குதான். அந்தந்தப் பொருளின் அமைப்புக்கு ஏற்பப் பிராணவாயுத் தேவை மட்டும் மாறும்.

ஐந்து வகைக் குப்பிகள்

வயலில் புது உரத்தைச் சோதிக்கும்போது உரமிடாத பாத்தி ஒன்றை ஒப்பிடுவதற்காக விட்டுவைப்பது வழக்கம். இங்கும் அப்படியே. ஒரு குப்பியை வைத்துக்கொண்டு முடிவு சொல்ல முடியாது.

முதல் வகைக் குப்பியில் நுண்ணுயிர்கள் மட்டும் இருக்கும், பொருள் இராது. நுண்ணுயிர்கள் தாமாகச் செலவழிக்கும் பிராணவாயுவை இது காட்டும். அதை மற்றக் குப்பிகளின் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். இரண்டாம் வகையில் சோதனைப் பொருளும் நுண்ணுயிர்களும் இருக்கும். மூன்றாம் வகையில் எளிதில் சிதையும் என்று முன்பே தெரிந்த ஒரு பொருள் இடப்படும். சோடியம் பென்சோயேட் அவற்றுள் ஒன்று. இது 14 நாட்களுக்குள் தேர்ச்சி அளவை எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் விடப்பட்ட நுண்ணுயிர்கள் வலுவற்றவை, சோதனையே செல்லாது.

நான்காம் வகையில் சோதனைப் பொருளும் தெரிந்த பொருளும் சேர்த்து இடப்படும். தெரிந்த பொருளும் இங்கே சிதையாமல் நின்றால், சோதனைப் பொருள் நுண்ணுயிர்களையே கொல்கிறது அல்லது முடக்குகிறது என்று அறியலாம். ஐந்தாம் வகையில் நுண்ணுயிர்கள் நீக்கப்பட்டிருக்கும். இதிலும் பொருள் குறைந்தால் அக்குறைவு நீரினாலோ பிற காரணத்தினாலோ ஏற்பட்டது, நுண்ணுயிர்களால் அன்று.

பழரசம் கெடாமலிருக்கச் சேர்க்கப்படுவதும் இதே சோடியம் பென்சோயேட்தான் என்பது நினைவில் வைக்கத்தக்கது. பழரசத்தில் உரிய அளவில் சேரும்போது அது நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. நீரில் மிகச் சிறிய அளவில் கலக்கும்போது அதே நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அளவு மிஞ்சினால் உணவும் நஞ்சாகும். மருந்துக் கரைசலை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டுவது கூடாது என்பதற்கும் இதுவே காரணம். செறிவு மிகுந்த இடத்தில் அதை உண்ண வேண்டிய உயிர்களே மடிந்துபோகின்றன.

தேர்ச்சி என்பது எது?

28 நாட்களுக்குள், பிராணவாயுச் செலவோ கரியமில வாயு வரவோ கணக்குப்படி வர வேண்டியதில் 60 சதவீதத்தை எட்ட வேண்டும். நீரில் கரைந்துள்ள கரிமச் சத்தின் குறைவைக் கொண்டு அளந்தால் 70 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். பெரும்பாலான முறைகளில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. சிதைவு 10 சதவீதத்தைத் தொட்ட நாளிலிருந்து 10 நாட்களுக்குள் அந்த அளவை எட்டிவிட வேண்டும். இவ்வாறு தேறிய பொருளுக்கு "எளிதில் சிதையக்கூடியது" என்ற பெயர் கிடைக்கிறது.

100 சதவீதம் ஏன் கேட்கவில்லை என்று தோன்றலாம். மாட்டுக்கு வைத்த தீவனம் எல்லாம் சாணமாக வருவதில்லை. ஒரு பங்கு உடலில் சேருகிறது. நுண்ணுயிர்களும் தாம் உண்டதில் ஒரு பங்கைத் தம் உடலாக்கிக்கொள்கின்றன. அதனால் 60 சதவீதம் வாயுவாக வந்துவிட்டாலே பொருள் ஏறக்குறைய முழுதும் உண்ணப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

இது கடுமையான தேர்வு. நுண்ணுயிர்கள் குறைவு; பழக்கம் இல்லை; காலமும் குறைவு. ஆகவே இதில் தேறிய பொருள் காற்றோட்டமுள்ள இயற்கை நீர்நிலைகளிலும் விரைவாகச் சிதையும் என்று நம்பலாம். தேறாத பொருள் ஒருபோதும் சிதையாது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு இன்னும் சாதகமான சூழ்நிலையில் அடுத்த கட்டச் சோதனைகள் நடத்தப்படுகின்றன. ஆற்று நீரிலும், நீரும் வண்டலும் சேர்ந்த அமைப்பிலும் நடத்தும் சோதனைகளும் உண்டு. பெரும்பாலான பூச்சிக்கொல்லிகள் முதல் தேர்வில் தேறுவதில்லை. உழவர்கள் மறக்கக் கூடாத செய்தி இது.

நுரை தந்த பாடம்

இத்தகைய சோதனைகள் இன்றியமையாதவை என்பதை உலகம் உணர்ந்ததில் சலவைத் தூளுக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பயன்பாட்டிற்கு வந்த செயற்கைச் சலவைப் பொருள்களில் கிளைகள் நிறைந்த அமைப்புடைய ஓர் இரசாயனம் இருந்தது. நுண்ணுயிர்களால் அந்தக் கிளைகளைக் கடந்து உண்ண முடியவில்லை. 1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளின் மேல் நுரை மலை போல் நின்றது.

மேற்கு ஜெர்மனி 1961-இல் இதற்கெனச் சட்டம் இயற்றி 1964-இல் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் 1965-இல் மாற்றுப் பொருளுக்கு மாறின. புதிய பொருளும் அதே இனந்தான். ஆனால் கிளையில்லாத நேர்ச் சங்கிலி அமைப்பு உடையது. நுண்ணுயிர்கள் அதை நுனியிலிருந்து கடித்துக்கொண்டே போக முடிந்தது. நுரை வெகுவாகக் குறைந்தது. மூலக்கூறின் அமைப்பில் செய்த சிறு மாறுதல் ஆறுகளின் நிலையை மாற்றியது.

நெல் வயலில் கண்ட உண்மைகள்

குப்பியில் கண்டது வயலில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்ற ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த இரண்டு ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின.

முதல் ஆய்வு காமா பி.எச்.சி. என்ற மருந்தைப் பற்றியது. காற்றோட்டமுள்ள புஞ்சை மண்ணில் இம்மருந்து நெடுநாள் நிற்கும். ஆனால் நீர் தேங்கிய நெல் வயல் மண்ணில் அது கணிசமாகச் சிதைவதையும், கிருமி நீக்கிய மண்ணில் அவ்வளவாகச் சிதையாமல் தங்குவதையும் ரகு, மக்ரே என்ற இரு விஞ்ஞானிகள் 1966-இல் வெளியிட்டனர். இரண்டாம் முறை இட்ட மருந்து முதல் முறையைவிட விரைவாக மறைந்தது. நீர் தேங்கிய சேற்றில் வாழும் நுண்ணுயிர்களே இதற்குக் காரணம். சலவைத் தூளிலுள்ள நேர்ச் சங்கிலிப் பொருள் இதற்கு எதிர்மாறானது. அது காற்றோட்டமுள்ள நீரில் விரைவாகச் சிதைகிறது. காற்றில்லாத சேற்றில் எளிதில் சிதைவதில்லை. ஆகவே "சிதையுமா?" என்று மட்டும் கேட்டால் போதாது; "எந்த இடத்தில்?" என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது ஆய்வு டயசினான் பற்றியது. அந்த நிலையத்தின் வயல்களில் புகையானைக் கட்டுப்படுத்த இம்மருந்து திரும்பத் திரும்ப இடப்பட்டு வந்தது. நாளடைவில் அதன் பலன் குறைந்தது. மருந்து இட்டுப் பழகிய வயலின் நீரில் டயசினான் சில நாட்களிலேயே சிதைந்தது. இடாத வயலின் நீரில் அவ்வாறு சிதையவில்லை. மருந்து பட்ட வயலில் அதையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியா பெருகிவிட்டிருந்தது. விஞ்ஞானி சேதுநாதன் 1971-இல் இதை வெளியிட்டார். யோஷிடா என்பவருடன் சேர்ந்து அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து, பிளேவோபாக்டீரியம் இனத்தைச் சேர்ந்தது என்று 1973-இல் அறிவித்தார். பாரத்தியான் என்ற மருந்தையும் அது சிதைக்க வல்லதாயிருந்தது. சேதுநாதன் பின்னர் ஒரிசாவின் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். டயசினான் 2018-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பூச்சிக்கொல்லிகளுள் ஒன்று.

இதிலிருந்து உழவர்கள் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரே மருந்தை அடுத்தடுத்து இட்டுப் பலன் குறைந்தால் பூச்சி எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கலாம். அல்லது வயல் நீரே மருந்தைத் தின்னக் கற்றிருக்கலாம். இரண்டிற்கும் அளவைக் கூட்டுவது பரிகாரம் ஆகாது. அது செலவையும் கேட்டையுமே பெருக்கும். வேறு வகை மருந்துக்கு மாறுவதும், மருந்தில்லாத முறைகளைக் கைக்கொள்வதுமே வழி.

பெயர் மாறும் நஞ்சு

மருந்து "மறைந்துவிட்டது" என்று கேள்விப்பட்டால் எதுவாக மாறியது என்றும் கேட்க வேண்டும். ஆல்ட்ரின் என்ற பழைய மருந்து மண்ணில் மாறுதலடைந்து டீல்ட்ரின் ஆயிற்று. அதுவும் நஞ்சுதான், அதிலும் நெடுநாள் நிற்பது. டி.டி.டி. மாறி டி.டி.இ. ஆகிறது, அது கொழுப்பில் சேர்ந்து பல ஆண்டுகள் தங்குகிறது. எண்டோசல்பான் மாறி எண்டோசல்பான் சல்பேட் ஆகிறது. அதன் நச்சுத் தன்மை மூலப் பொருளுக்குக் குறைந்ததல்ல, நிற்கும் காலமோ அதிகம்.

பி.எச்.சி. 1997-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடை செய்தது. அதே ஆண்டில் அது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. பழைய இருப்பு எதுவும் வீட்டு மூலையில் கிடந்தால் அதைப் பயன்படுத்தவும் கூடாது. கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டவும் கூடாது. வேளாண்மை அலுவலரிடம் தெரிவித்து ஒப்படைக்க வழி கேட்க வேண்டும்.

அரை ஆயுள் கணக்கு

மருந்து சிதையும் வேகத்தை அரை ஆயுள் என்ற கணக்கால் குறிப்பிடுவது வழக்கம். இருந்த அளவு பாதியாகக் குறைய ஆகும் காலமே அரை ஆயுள். இங்கே ஒரு தவறு நேர்வதுண்டு. அரை ஆயுள் 10 நாள் என்றால் 20 நாளில் முழுதும் தீர்ந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். அது சரியல்ல. 10 நாளில் 100 பங்கு 50 ஆகும். 20 நாளில் 25. 30 நாளில் 12.5. 40 நாளில் 6.25. 70 நாளில்தான் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கும். ஏழு அரை ஆயுள்கள் கழிந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணும் எங்கும் ஒரே மாதிரி இராது. வெப்பம் ஏறினால் நுண்ணுயிர்களின் வேலை பொதுவாக விரைவுபடும். மார்கழிக் குளிரில் மந்தப்படும். தொழு உரம் இட்டு உயிர்ச் சத்து மிகுந்த வயலில் நுண்ணுயிர்கள் அதிகம். ஆழ்கிணற்று நீரில் வெயில் இல்லை, நுண்ணுயிர்களும் குறைவு, அவற்றிற்கு உணவும் குறைவு. வயலில் சில வாரங்களில் அழியும் மருந்து கிணற்றில் இறங்கிவிட்டால் பல மாதங்கள் தங்கக்கூடும். குளத்தை வெயிலும் காற்றும் ஓரளவு சரிசெய்யும். கிணற்றுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. ஆகவே கிணற்றைக் காப்பதே முதல் கடமை.

முக்கோணம் சொல்வதும் சொல்லாததும்

மருந்துப் புட்டியின் மீது சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என முக்கோணங்கள் அச்சிடப்பட்டுள்ளன. இவை மருந்து உடலுக்குள் சென்றால் பாலூட்டி உயிர்களுக்கு உடனடியாக ஏற்படும் ஆபத்தின் அளவைக் காட்டுபவை. சிவப்பு மிகக் கொடியது. பச்சை ஆபத்துக் குறைந்தது. ஆனால் மருந்து நீரில் எத்தனை நாள் நிற்கும் என்பதையோ மீனுக்கு எவ்வளவு கேடு என்பதையோ இந்த நிறம் சொல்வதில்லை. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் பல, மனிதருக்குப் பழைய மருந்துகள் சிலவற்றைவிடக் கொடுமை குறைந்தவை. ஆயினும் மீனுக்கும் தேனீக்கும் மிகக் கொடியவை. நீல முக்கோணம் என்பதால் குளக்கரையில் தயக்கமின்றித் தெளிப்பது தவறு.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை

1. பூச்சியைக் கண்டவுடன் தெளிக்காமல், சேதம் பொருளாதாரச் சேத நிலையை எட்டியதா என்று பார்க்க வேண்டும். நெல் குருத்துப் பூச்சிக்கு, தூர் விடும் பருவத்தில் 10 சதவீதக் குருத்துச் சேதம் அல்லது சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் என்பது அந்த அளவு. தெளிக்காத மருந்து நீரில் கலப்பதில்லை.

2. மழை வரும் அறிகுறி இருந்தாலும் காற்று பலமாக வீசினாலும் தெளிப்பதைத் தள்ளிப்போட வேண்டும்.

3. நெல் வயலில் மருந்து இடுவதற்கு முன் வரப்பில் நண்டு வளை, எலி வளை இருந்தால் அடைக்க வேண்டும். மடையைக் கட்டி, மருந்துச் சீட்டில் குறித்த நாட்கள் வரை நீரை வெளியே விடக் கூடாது. வயலில் தங்கும் ஒவ்வொரு நாளும் வெயிலுக்கும் நுண்ணுயிர்களுக்கும் கிடைக்கும் வேலை நாள்.

4. அந்நாட்களில் மாடு, ஆடு, வாத்துகளை அந்த வயலில் இறங்கவோ நீர் பருகவோ விடக் கூடாது. வயலில் மீன் வளர்ப்பவர்கள் மருந்தில்லாத முறைகளையே நாட வேண்டும்.

5. மருந்தைக் கிணற்று மேட்டிலோ குழாயடியிலோ கலக்கக் கூடாது. நீரை வாளியில் எடுத்துச் சென்று வயலோரத்தில் கலக்க வேண்டும். அன்று கலந்ததை அன்றே தெளித்து முடிக்க வேண்டும்.

6. தெளிப்பானை வாய்க்காலிலும் குளத்திலும் கழுவக் கூடாது. கழுவிய நீரை அதே வயலில் பரவலாகத் தெளித்துவிட வேண்டும். ஒரே இடத்தில் ஊற்றக் கூடாது.

7. காலிப் புட்டியை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிக்கொள்ள வேண்டும். பிறகு புட்டியைத் துளையிட்டுப் பயனற்றதாக்க வேண்டும். அதில் எண்ணெயோ நீரோ வைப்பது உயிருக்கு ஆபத்து.

8. குளம், கிணறு, வாய்க்கால் ஓரங்களில் புல் வளர்ந்த கரை ஒன்றை விட்டு, அதில் தெளிக்காமல் இருக்க வேண்டும். ஓடிவரும் மண்ணையும் மண்ணோடு வரும் மருந்தையும் புல் ஓரளவு தடுக்கும்.

9. ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் மாற்றிப் பயன்படுத்த வேண்டும்.

10. வாய்ப்புள்ள இடங்களில் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயன்படுத்தலாம். 200 லிட்டர் கரைசலுக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு தேவை. இதையும் குளத்தில் கொட்டுவது கூடாது.

மருந்து வாங்கும்போது விலையையும் பூச்சியின் பெயரையும் கேட்பதோடு, "இது நீரில் எத்தனை நாள் நிற்கும்? மீனுக்கு ஆகுமா? எத்தனை நாள் நீரைக் கட்ட வேண்டும்?" என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழக வேண்டும். கடைக்காரருக்கு விடை தெரியவில்லையென்றால் மருந்துச் சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். அல்லது வேளாண்மை அலுவலரை அணுக வேண்டும்.

முதலில் குறிப்பிட்ட குளத்தங்கரைக் கேள்விக்கு விடை இதுதான். மருந்தின் பெயர் தெரியும் வரையில், நெடி இல்லை என்பதற்காக அந்த நீரை மாட்டுக்குக் காட்டக் கூடாது; குடிக்கவும் கூடாது. மேல்வயல்காரர் தெளித்த மருந்தின் பெயரைக் கீழ்வயல்காரருக்கும் குளத்து மீன் குத்தகைதாரருக்கும் அன்றே சொல்லிவிட்டால், பாதித் தொல்லை அங்கேயே தீரும்.